தொண்ணூற்றைந்தில் ஒரு நடுக்கம்

பல் டாக்டர் தமது ஐம்பத்து நான்காவது வயதில் சிவப்பு நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். இதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனாலும் தெருவே சிரித்தது. இருபத்தெட்டு வருஷமாக அடுத்தவர் வாய்க்குள் தலையை விட்டுக்கொண்டு நின்ற மனுஷன், ஒரு தடவையாவது வெளியே வந்து காற்று வாங்கலாம் என்று ஆசைப்பட்டது குற்றமா? குற்றமில்லை. ஆனால் அந்தக் காரிலிருந்து அவர் இறங்குகிற அழகு இருக்கிறதே, அதைப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் இருந்தால் அதுதான் குற்றம். இரண்டே சீட். தரையோடு தரையாக உட்கார வேண்டும். இறங்கும்போது முதலில் ஒரு கால் வெளியே வரும், பிறகு ஒரு கை வந்து கதவைத் தேடும், அப்புறம் உள்ளேயிருந்து ஒரு முக்கல் கேட்கும், எல்லாம் முடிந்து கடைசியில்தான் தலை வரும். கிளினிக் வாசலில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நோயாளிகள் தினமும் காலையில் இதைப் பார்த்தார்கள்.

"டாக்டர், வேணும்னா ஸ்டூல் எடுத்துட்டு வரட்டுமா?" என்று அவருடைய உதவியாளரம்மா ஒருநாள் கேட்டாள். கிண்டல் இல்லை, அக்கறையாகவே கேட்டாள். அன்றிலிருந்து டாக்டர் வண்டியைப் பின்சந்தில் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்த ஆரம்பித்தார். ஆசைப்பட்டு வாங்கிய பொருளை ஒளித்து வைக்கவேண்டி வந்ததே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

வண்டி வந்த நான்காம் நாள் மனைவியை உட்கார வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் போனார். தொண்ணூறு வரைக்கும் வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. தொண்ணூற்றைந்தில் ஆரம்பித்தது. ஸ்டீயரிங்கில் ஒன்றுமில்லை. சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு நடுக்கம் கிளம்பி, முதுகெலும்பு வழியாக ஏறி, கடைவாய்ப் பல் வரைக்கும் வந்து நின்றது.

"என்னங்க, என் கன்னம் ஆடுது" என்றாள் மனைவி.

"ரோடு சரியில்ல."

"ரோடு சரியில்லன்னா அதோ போறாரே லாரிக்காரர், அவர் கன்னமும் ஆடணுமே? அவர் பாட்டுக்கு நிம்மதியா கொட்டாவி விட்டுட்டுப் போறாரு."

டாக்டர் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து வண்டியை அதன் போக்கில் விட்டுப் பார்த்தார். இஞ்சின் அடங்கியது, நடுக்கம் அடங்கவில்லை. வேகத்தைக் குறைத்தால் போயிற்று, ஏற்றினால் வந்தது. எந்தப் பல் வலிக்கிறது என்று தட்டித் தட்டிப் பார்க்கிறவர் அல்லவா, இப்படி ஏழெட்டுத் தடவை பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டார். பிரச்சினை இஞ்சினில் இல்லை, அதற்குப் பின்னால் சக்கரத்துக்குப் போகிற வழியில் எங்கேயோ இருக்கிறது. புது வண்டிதானே, கொண்டுபோய்ச் சொன்னால் அரை மணி நேரத்தில் சரிபண்ணிக் கொடுத்துவிடப் போகிறார்கள் என்று நினைத்தார் பாவம்.

கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்குள் நுழைந்தால் முதலில் ஆஸ்பத்திரி வாசனை அடிக்கும். அப்புறம் ஹோட்டல் மாதிரி தெரியும். வெகுநேரம் உட்கார்ந்த பிறகுதான் அது ஒரு கோர்ட் என்று புரியும். டை கட்டிய ஆலோசகர் ஒருவர் டாக்டரை வரவேற்று, கையில் காப்பியையும் காதில் கேள்வியையும் ஒன்றாகக் கொடுத்தார்.

"சொல்லுங்க சார், இன்னிக்கு உங்க மகிழ்ச்சிக்கு நாங்க என்ன செய்யணும்?"

"தொண்ணூத்தஞ்சுல வண்டி நடுங்குது."

ஆலோசகர் கம்ப்யூட்டரைத் தட்டினார். முகம் வாடியது. "நடுக்கம்னு எங்க சிஸ்டத்துல வார்த்தையே இல்லையே சார். சத்தம் இருக்கு, வாசனை இருக்கு, விளக்கு இருக்கு, கீறல் இருக்கு. அஞ்சாவதா மகிழ்ச்சி இருக்கு. இதுல எதுல போடட்டும்?"

"இதுக்கு முன்னாடி யாருமே நடுங்குதுன்னு சொன்னதில்லையா?"

"சொல்லியிருப்பாங்க சார். பதிவாகல."

"ஏன்?"

"வார்த்தை இல்லையே சார்."

கடைசியில் புகார் மகிழ்ச்சி என்ற தலைப்பின்கீழ் பதிவாயிற்று. 'வாடிக்கையாளர் வண்டியைச் சற்று அதிகமாக உணர்கிறார்' என்று எழுதினார்கள். நாலு சக்கரத்தையும் கழற்றிச் சமன் பார்த்தார்கள், வண்டியைக் கழுவினார்கள், கண்ணாடியில் ஒரு நன்றி அட்டை தொங்கவிட்டார்கள். வாசலைத் தாண்டி நெடுஞ்சாலை ஏறி தொண்ணூற்றைந்து தொட்டதும் அந்த நன்றி அட்டை கிடுகிடு என்று ஆடியது. டாக்டர் அப்படியே திரும்பி வந்தார்.

"புது வண்டி இல்லையா சார், ஓட ஓட பழகிடும்" என்றார் ஆலோசகர்.

"எது பழகும்? வண்டியா?"

"நீங்க சார்."

டாக்டர் சண்டை போடாமல் சாவியை எடுத்துக்கொண்டார். ஏனென்றால் அந்த வசனம் அவருடைய வசனம். போன மாதம்கூட ஓய்வுபெற்ற ஒரு தபால்காரர் டாக்டர் கட்டிக்கொடுத்த பல்செட் ஈறை அறுக்கிறது என்று சொல்லி மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் டாக்டர் அவர் முதுகில் தட்டி, "போடப் போட பழகிடும் பெரியவரே" என்று அனுப்பினார். நாலாவது தடவை அவர் வரவில்லை. பழகிவிட்டது போலிருக்கிறது என்று டாக்டர் நினைத்திருந்தார். இப்போதுதான், வராமல் போனவரெல்லாம் குணமானவர் இல்லை என்று உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அடுத்த தடவை அவர் ஒரு கண்ணாடித் தம்ளரும் ஒரு பாட்டில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போனார். தம்ளரை வண்டிக்குள் வைத்து ஓட்டிக் காட்டினால் தண்ணீர் ஆடுவதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம் அல்லவா? ஆலோசகர் பாட்டிலை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இது வெளித் தண்ணி சார். கம்பெனி அங்கீகரிச்ச திரவம் இல்ல. இது ஆடினா அதுக்கு நாங்க பொறுப்பு இல்ல."

"சரி, உங்க தண்ணியை ஊத்துங்க."

"எங்க தண்ணிய வெச்சு ஓட்டலாம். ஆனா எங்க காம்பவுண்டுக்குள்ளதான் ஓட்டணும். உள்ள இருபதுக்கு மேல போகக்கூடாதுன்னு ரூல்."

"நடுக்கம் தொண்ணூத்தஞ்சுலதான் வருது."

"அதத்தான் சார் நானும் சொல்றேன்" என்று ஆலோசகர் சந்தோஷப்பட்டார். "எங்க காம்பவுண்டுக்குள்ள அந்தப் பிரச்சினை வரவே இல்ல."

இப்படியாக ஆறாவது வருகையும் ஆயிற்று. ஆறாவது நாள் டாக்டர் காப்பி அறையில் உட்கார முடியாமல் எழுந்து, 'வாடிக்கையாளர்கள் வண்டியின் அடிப்பாகத்தைப் பார்ப்பது தடைசெய்யப்பட்டுள்ளது' என்று எழுதிய கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றார். உள்ளே வண்டி தூக்குகிற நாலாம் நம்பர் லிஃப்ட்டில் அவருடைய வண்டி அந்தரத்தில் இருந்தது. கீழே வயசான ஒரு மெக்கானிக் நின்றுகொண்டிருந்தார். அங்கே மனுஷர்களைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. அவரை நாலாம் நம்பர் என்பார்கள். அவர் டாக்டரைப் பார்த்தார், சுற்றிலும் பார்த்தார், விரலை அசைத்துக் கூப்பிட்டார்.

"இது வண்டிக்கு அடியில முன்னயிருந்து பின்ன வரைக்கும் போகுது பாருங்க, டிரைவ் ஷாஃப்ட். இஞ்சின் சுத்துறதப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோறது இதுதான். இந்த இடத்துல விரல வைங்க."

டாக்டர் வைத்தார். வழவழவென்றிருந்த குழாயில் ஓரிடத்தில் மட்டும் சொரசொரவென்று இரண்டு புள்ளி இருந்தது.

"வெல்டிங் புள்ளி. இங்க சின்னதா ஒரு தகடு இருக்கணும், சமன் பாத்து ஒட்டினது. கழண்டு விழுந்திருக்கு. அதனாலதான் ஒரு பக்கமா இழுத்துட்டுச் சுத்துது, உங்க பல்லு ஆடுது. ஷாஃப்ட்ட மாத்தினா ஒரு மணி நேர வேலை."

"அப்ப மாத்திடுங்களேன்!"

"மாத்தலாம். புது ஷாஃப்ட் வேணும்னா அது கெட்டதுக்கு கம்ப்யூட்டர்ல ஒரு எண் போடணும். அந்த எண் கிடையாது."

"ஏன் கிடையாது?"

"இதுவரைக்கும் ஒரு ஷாஃப்ட்டும் கெட்டதா கணக்கு இல்ல. எண் இல்லாததால யாரும் எழுதல. யாரும் எழுதாததால எண் குடுக்கல." நாலாம் நம்பர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க சார்."

டாக்டருக்கு உடம்பெல்லாம் புது ரத்தம் ஓடியது. தம் உடம்பு பொய் சொல்லவில்லை! நேரே மேனேஜர் அறைக்குப் போனார். மேனேஜர் மிகவும் மென்மையான மனிதர். குரலை உயர்த்தாமலே ஒருவரைக் கீழே உட்கார வைக்கக்கூடியவர்.

"டிரைவ் ஷாஃப்ட்ல பேலன்ஸ் தகடு கழண்டிருக்கு. எனக்குத் தெரியும்" என்றார் டாக்டர்.

"அப்படியா? எப்படித் தெரியும் டாக்டர்? நீங்க பல்லு படிச்சவரு."

"எனக்குத் தெரியும்."

"யாராவது சொன்னாங்களா, இல்ல உங்களுக்கா தோணுச்சா? உங்களுக்கா தோணியிருந்தா அது மகிழ்ச்சி பிரிவுல வந்துடும்."

அந்த ஒரு வார்த்தையில் டாக்டருக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "எனக்கா ஒண்ணும் தோணல. உங்க நாலாம் நம்பரே தொட்டுக் காட்டினார், போய்க் கேளுங்க!" என்றார்.

சொன்ன மாத்திரத்தில் ஒரு மனுஷனைக் காட்டிக்கொடுத்துவிட்டோம் என்று தெரிந்துவிட்டது. மேனேஜர் ஒரு துண்டுக் காகிதத்தில் எதையோ குறித்துக்கொண்டார், அவ்வளவுதான். மறுநாளிலிருந்து நாலாம் நம்பர் வண்டி கழுவுகிற பிரிவில் குழாய் பிடித்துக்கொண்டு நின்றார். லிஃப்ட்டில் வேறொருவர் வந்துவிட்டதால் அவருக்கு எண்ணும் இல்லாமல் போயிற்று. அதன் பிறகு அந்த வாசலில் போகும்போதெல்லாம் டாக்டர் ஈரத் தரைப் பக்கம் திரும்பாமல் போகப் பழகினார். ரப்பர் பூட்ஸ் போட்ட அந்த மனிதரோ இவரைப் பார்த்து ஒவ்வொரு தடவையும் தலையை லேசாக அசைத்துக் கும்பிட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

புகார் வலுத்துவிட்டதால் அதை உணர்வுக் குழுவுக்கு அனுப்பினார்கள். இது கம்பெனியின் பெருமைக்குரிய ஏற்பாடு. வாடிக்கையாளர் ஒன்றை உணர்வதாகச் சொன்னால், அதைக் குழுவின் மூன்று உறுப்பினர்களும் ஏகமனதாக உணரவேண்டும். உணர்ந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. உறுப்பினர்கள் யார் என்றால் ஸ்டோர் கீப்பர், வரவேற்பில் உட்காரும் பெண், அப்புறம் நம்முடைய டை கட்டிய ஆலோசகர். வண்டியில் இரண்டே சீட் இருந்தபடியால் ஒவ்வொருவராக ஏறி காம்பவுண்டுக்குள் இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சுற்று வந்தார்கள். டாக்டர் தூணோரம் நின்று, ஆபரேஷன் அறைக்கு வெளியே நிற்கிற சொந்தக்காரர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டோர் கீப்பர் இறங்கி, "சீட் நல்லா மெத்துன்னு இருக்கு" என்றார். வரவேற்புப் பெண் தனக்கு எப்போதுமே கார் என்றால் கொஞ்சம் தலைசுற்றும் என்றும், இன்று அதுகூட இல்லை என்றும் சொன்னாள். ஆலோசகர் தாம் நடுக்கம் என்ற சொல்லையே உணராததால் அதை உணர வாய்ப்பில்லை என்று எழுதிக் கொடுத்தார். பிறகு மேனேஜர் முடிவை வாசித்தார்.

"நடுக்கம் இருப்பதைக் குழு மறுக்கவில்லை. அதன் இருப்பிடம், ஓட்டுநர் சீட்டுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவில் எனக் கண்டறியப்படுகிறது."

"அங்க நான்தானே உட்கார்ந்திருக்கேன்?" என்றார் டாக்டர்.

"அதை நாங்க சொல்லல டாக்டர், நீங்கதான் சொல்றீங்க." மேனேஜர் அனுதாபத்தோடு பார்த்தார். "வயசு ஆக ஆக கை கால்ல ஒரு ஆட்டம் வர்றது சகஜம். வெக்கப்பட ஒண்ணுமில்ல. உங்களுக்கு அப்படி இல்லன்னு ஒரு நரம்பு டாக்டர்கிட்ட சர்டிபிகேட் வாங்கிட்டு வந்தீங்கன்னா மேற்கொண்டு பேசலாம்."

அந்தக் கணத்திலாவது டாக்டர் எழுந்து, "நீங்களும் உங்க குழுவும்" என்று காகிதத்தைத் தூக்கி வீசியிருக்கலாம். வீசவில்லை. வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டி விரலைப் பார்த்தார். ஆடுகிற மாதிரியும் இருந்தது, ஆடாத மாதிரியும் இருந்தது. மனைவி கதவைத் திறந்து, "என்ன, கையில மருதாணி வெக்கணுமா?" என்று கேட்டாள்.

"எனக்குக் கை நடுங்குதா பாரு."

"ஏங்க, அன்னிக்கு என் கன்னம் ஆடுச்சே, அது உங்க கை வந்தா ஆட்டுச்சு?"

நியாயமான கேள்விதான். ஆனால் மனைவி குழுவில் இல்லை.

நரம்பு டாக்டரின் காத்திருப்பு அறையில் பதினெட்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஐந்து பேர் நம் டாக்டரிடம் பல் பார்த்துக்கொள்கிறவர்கள். "டாக்டர், நீங்களா? உங்களுக்கு என்ன?" என்று ஒரு பெண்மணி கேட்டாள். "ஒண்ணுமில்ல, கை... ஒரு சர்டிபிகேட்டுக்கு" என்றார். இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லியிருந்தால் ஸ்போர்ட்ஸ் கார் கதையும் சேர்ந்து வெளியே வரும் என்று பயந்து பாதியில் மென்று விழுங்கினார். அந்தப் பாதி போதும். பல்லைத் துளைக்கிற டாக்டர் கை நடுக்கத்துக்கு வைத்தியம் பார்த்துக்கொள்கிறாராம் என்ற செய்தி, அவர் சர்டிபிகேட்டோடு வீடு திரும்புவதற்குள் கிளினிக்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

"டாக்டர், திங்கள்கிழமை வேர் சிகிச்சை ரெண்டும் வேண்டாம்னுட்டாங்க" என்று உதவியாளரம்மா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "செவ்வாய்க்கிழமை வர்றதா இருந்தவங்க வலி தானா நின்னுடுச்சுன்னாங்க. புதன்கிழமை ஒரு பொண்ணுக்கு கடைவாய்ப் பல் பிடுங்கணுமே, அவங்கப்பா போன் பண்ணி, நீங்க பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டா போதும், வேற யாராவது பிடுங்குவாங்களான்னு கேக்கறாரு."

இருபத்தெட்டு வருஷத்தில் ஈறில் ஒரு கீறல் படாமல் பல் எடுத்த கை அது. அந்த வாரம் பல் டாக்டர் சும்மா உட்கார்ந்து கருவிகளைக் கழுவி அடுக்கினார், மறுபடி கழுவி அடுக்கினார். வருகிற ஒன்றிரண்டு பேரும் வாயைத் திறக்கும் முன்னால் அவருடைய விரலைப் பார்த்தார்கள். அப்படிப் பார்த்தால் யாருக்குத்தான் ஆடாது? ஒருநாள் நிஜமாகவே ஆடியது. அவர் முகக்கவசத்துக்குள் உதட்டைக் கடித்துக்கொண்டார். ஒரு கார் ஆசையில் கையைத் தோற்றுவிட்டோமே என்று கூசிப்போனார்.

சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனார். மேனேஜர் அதைப் படிக்கவே இல்லை. எழுந்து வந்து டாக்டருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"டாக்டர், மனசு விட்டுப் பேசறேன். வண்டில தப்பு இருக்கான்னு பாக்கறது ரொம்ப சுலபம், அது எந்த மெக்கானிக்கும் பாத்துடுவான். அதுக்கு இவ்வளவு பெரிய கட்டடம் எதுக்கு? இந்த ஏசி எதுக்கு, இந்தக் காப்பி எதுக்கு? வர்றவர் மனசுல வண்டியப் பத்தி ஒரு தப்பு இருக்கு பாருங்க, அத எடுக்கறதுதான் சர்வீஸ். போன வருஷம் முந்நூறு பேர் மனசுலேர்ந்து எடுத்திருக்கோம். விருது குடுத்தாங்க. அந்த முந்நூறு வண்டியும் இன்னும் அப்படியேதான் ஓடுது, ஒருத்தரும் குறை சொல்லல. நீங்க ஒருத்தர்தான் பாக்கி. உங்ககிட்ட என்னமோ ஒரு பிடிவாதம் இருக்கு. அது எங்களுக்குப் பிடிச்சிருக்கு."

டாக்டர் காப்பியை ஒரு மடக்குக் குடித்தார்.

"உணர்வுக் குழுவுல வாடிக்கையாளர் தரப்பு யாருமே இல்லன்னு மேலிடத்துல ஒரு குறை. நீங்க நாலாவது உறுப்பினரா வாங்க. ஒரு டாக்டர், கை வேலைக்காரர். உங்க சொல்லுக்கு ஒரு எடை இருக்கும். குழு உறுப்பினரோட உணர்ச்சி சரியானதுன்னு கம்பெனி லெட்டர்ஹெட்ல சான்றிதழ் குடுப்போம். உங்க கிளினிக்ல மாட்டிக்கலாம். வண்டி விஷயம்... அது பாட்டுக்குக் கழுவற பிரிவுல போயிட்டு வரட்டும். வரும்போது நல்லா இருக்கும். நடுக்கம் தானா நின்னுடுச்சுன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும்."

"தானா எப்படி நிக்கும்?"

"எழுதினா நின்னுடும்."

டாக்டர் எழுதினார். இதை வளர்த்திச் சொல்ல ஒன்றுமில்லை. காலியாகக் கிடந்த கிளினிக் நாற்காலி கண்ணுக்கு முன்னால் வந்தது, பேனாவை எடுத்தார், எழுதினார்.

வண்டி கழுவுகிற பிரிவில் 'அடிப்பாகம் அலசல்' என்ற தலைப்பில் டிரைவ் ஷாஃப்ட் மாற்றப்பட்டது. மாற்றியவர் பழைய நாலாம் நம்பர்தான். கழுவுகிறவர்களில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சாவியைக் கொடுக்க அவரே வந்தார்.

"ஓட்டிப் பாத்துட்டேன் சார். நடுக்கம் சுத்தமா இல்ல."

"உங்கள நான்..." என்று ஆரம்பித்த டாக்டர் சாவியைக் கையில் உருட்டினார். "வாய் தவறி உங்க பேரச் சொல்லிட்டேன்."

"பேரச் சொல்லல சார், நம்பரத்தான் சொன்னீங்க" என்றார் அவர், ஆறுதலாக. "கழுவறதும் நல்ல வேலைதான். யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. மழைக்காலத்துலதான் கால் கொஞ்சம் ஊறிப்போகுது."

மாலையில் மனைவியோடு நெடுஞ்சாலைக்குப் போனார். தொண்ணூற்றைந்து வந்தது, நூறு வந்தது, நூற்றுப்பத்தும் வந்தது. உள்ளே துளி அசைவு கிடையாது. மனைவி கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

"போயிடுச்சே! எப்படிப் போச்சு?"

"தானா."

மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஓகோ" என்றாள். அந்த ஓகோவோடு அவர் மேற்கொண்டு குடித்தனம் நடத்த வேண்டியிருந்தது.

சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் கிளினிக் சுவருக்கு வந்தது. 'இவருடைய உணர்வும் அசைவும் எமது நிறுவனத்தின் தரத்துக்கு உட்பட்டவை' என்று பொன் எழுத்தில் இருந்தது. கார் கம்பெனி பல் டாக்டருக்குக் கொடுத்த இந்த நற்சான்றைப் பார்த்து யாராவது வயிறு குலுங்கச் சிரித்திருந்தால் அவர் மனம் ஒருவேளை ஆறியிருக்கும். ஒருவரும் சிரிக்கவில்லை. முத்திரையைப் பார்த்தார்கள், கையெழுத்தைப் பார்த்தார்கள், போய் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார்கள். வேர் சிகிச்சை இரண்டும் திரும்பி வந்தன. கடைவாய்ப் பல் பெண்ணின் அப்பா, "டாக்டர், நீங்களே பிடுங்குங்க" என்றார். டாக்டர் பிடுங்கினார், கை கல் மாதிரி நின்றது.

இரண்டு மாதம் கழித்துக் குழுவிலிருந்து அழைப்பு வந்தது. பேக்கரி வைத்திருக்கிற ஒரு அம்மா, அறுபதை நெருங்குகிற வயசு, அதே மாதிரி வண்டி, மஞ்சள் நிறம். புகாரும் அதே. டாக்டருக்காக ஒரு சீர்திருத்தம்கூடச் செய்திருந்தார்கள். "நீங்க அன்னிக்கு ஆசைப்பட்டீங்களே, அதே மாதிரி இனிமே வெளியிலயே போய்ப் பாக்கலாம். எவ்வளவு வேகம் வேணும்னாலும் போங்க. அதான் நீங்க இருக்கீங்களே" என்றார் மேனேஜர், வாயெல்லாம் பல்லாக.

பேக்கரியம்மா ஓட்டினாள், டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டிக்குள் வேறு யாரும் இல்லை, கேட்பதற்கு ஆளும் இல்லை. அவளுடைய உடையிலிருந்து வெண்ணெய் வாசனை வந்தது.

"சிரிக்காதீங்க டாக்டர்" என்றாள் அவள். "முப்பது வருஷம் விடிகாலைல எழுந்து மாவு பிசைஞ்சாச்சு. ஒரு தடவ மஞ்சக் கலர்ல ஏதாவது ஓட்டணும்னு தோணுச்சு. எம் பொண்ணு வெளிய சொல்லவே வெக்கப்படறா."

"இதுல என்னம்மா இருக்கு" என்றார் டாக்டர்.

"நீங்க வர்றீங்கன்னதும் எனக்கு உயிரே வந்துச்சு. அந்த டை போட்டவர் என்னைப் பைத்தியம் மாதிரி பாக்கறார். உங்க கிளினிக் சுவத்துல அந்தச் சான்றிதழப் பாத்திருக்கேன்."

தொண்ணூறு. தொண்ணூற்றிரண்டு. தொண்ணூற்றைந்தில் வந்தது. சீட்டுக்கு அடியிலிருந்து கிளம்பி, முதுகு வழியாக ஏறி, அவருடைய கடைவாய்ப் பல்லை வந்து தொட்டது. அது எந்த இடத்தில் கிளம்புகிறது என்று விரல் வைத்துக் காட்டியிருப்பார், அவ்வளவு தெளிவாக இருந்தது.

"இப்ப! இப்ப தெரியுதா டாக்டர்?"

சொல்லிவிடலாம். தெரியுதும்மா, டிரைவ் ஷாஃப்ட், தகடு கழண்டிருக்கும், கழுவற இடத்துல ஒருத்தர் இருக்கார், அவரப் பாருங்க. இவ்வளவுதானே, ஒரே மூச்சில் முடிந்துவிடும். ஆனால் அப்படிச் சொன்னால் தானாக நின்றது என்று எழுதிய காகிதம் என்ன ஆவது? சுவரில் இருக்கிற சட்டத்தைக் கழற்றச் சொல்வார்கள். நாளைக் காலையில் எட்டு பேர் வாயைத் திறப்பதற்கு முன்னால் விரலைப் பார்ப்பார்கள். டாக்டர் முன்கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலைங்கம்மா" என்றார்.

பேக்கரியம்மா காலைத் தளர்த்தினாள். வண்டி வேகம் குறைந்து ஓரமாகப் போய் நின்றது. அவள் ஸ்டீயரிங்கிலிருந்து வலது கையை எடுத்து மடியில் வைத்து, புறங்கையும் உள்ளங்கையுமாகத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப எனக்குத்தானா" என்றாள். "கேக் மேல பேர் எழுதறது எல்லாம் நான்தான் டாக்டர். போன வாரம் பொண்ணு சொன்னா, எழுத்து கோணலா வருதும்மான்னு. அவளத் திட்டிட்டேன்." பிறகு கேட்டாள்: "இதுக்கு யாரப் பாக்கணும்?"

டாக்டர் நரம்பு டாக்டரின் விலாசத்தைச் சொன்னார். எந்தக் கிழமை கூட்டம் குறைவு என்பதையும் சொன்னார். அவள் கைப்பையில் துழாவி, பழைய ரசீது ஒன்றை எடுத்து, அதன் பின்பக்கத்தில் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தும் நேராக வருகிறதா என்று பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டாள். எழுத்து நேராகத்தான் இருந்தது. அவர் அதையும் சொல்லவில்லை.

அவள் ரசீதை மடித்துப் பத்திரப்படுத்தினாள்.

"நல்லவேளை டாக்டர், நீங்க வந்தீங்க. அவங்க சொல்லியிருந்தா நான் நம்பியே இருக்க மாட்டேன்."